ஜீ. ஜீ. பொன்னம்பலம்: யாழ்ப்பாணம் ஏற்றியதும் இறக்கியதும்

(கொக்குவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரை எடுத்தால் நம் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து இரண்டு பேச்சு உடனே வரும். "அவரைப் போல ஒரு அப்புக்காத்து இனிப் பிறக்கப்போவதில்லை" என்பது ஒன்று. "மலையகத் தமிழரின் பிரசாவுரிமை விடயத்தில் அரசாங்கத்தோடு நின்றார், அதனால் சனம் அவரை வீழ்த்தியது" என்பது மற்றது. முதற் பேச்சோடு எனக்கு வழக்கில்லை. இரண்டாவதில் முன்பாதி உண்மை, பின்பாதி உண்மை இல்லை. தேர்தல் பெறுபேறுகளை ஆண்டு வரிசையில் எடுத்து வைத்தாலே அது தெரிந்துவிடும். அந்தப் பின்பாதியை எழுபது வருடமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லி நாம் நம்மைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறோம் என்பது என் எண்ணம். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

பொன்னம்பலம் 1901இல் வடமராட்சியின் அல்வாயில் பிறந்தவர். தகப்பனார் தபாலதிபர். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் குடும்பத்துக்கும் இவருக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அவர்கள் கொழும்பின் பெரிய வீட்டுக்காரர். இவர் பரீட்சையில் ஏறிவந்த பிள்ளை. யாழ்ப்பாணம் சென். பற்றிக்ஸ், கொழும்பு சென். ஜோசப்ஸ், பிறகு புலமைப்பரிசிலோடு கேம்பிரிட்ஜ். அங்கே இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பு. அதற்குப் பின்பு சட்டம். விஞ்ஞானம் படித்தவர் நீதிமன்றத்தில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தபோது வைத்திய அறிக்கையும் துப்பாக்கிக் குண்டின் பாதையும் அவர் கையில் கருவிகளாயின. குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் எடுத்ததற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்.

அவர் அரசியலுக்குள் வந்த வாசலைத் திறந்து விட்டவர்களில் ஒருவருக்கும் நம் கொக்குவிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1931இல் டொனமூர் யாப்பு வந்தது. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும் வாக்கு, பழைய சட்டநிரூபண சபைக்குப் பதிலாக அரசாங்க சபை. ஆசியாவில் வேறெங்கும் குடியேற்ற நாடொன்றுக்கு அன்று கிடைக்காத வாக்குரிமை அது. ஆனால் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கேட்டது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் கொடுக்க ஒருவரும் போகவில்லை. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர், காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களில் ஒருவர், ஹன்டி பேரின்பநாயகம். 1949 தொடக்கம் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த அதே ஹன்டி மாஸ்டர்தான்.

பொன்னம்பலம் பகிஷ்கரிப்புக்குக் கட்டுப்படவில்லை. 1931இல் மன்னார் - முல்லைத்தீவில் நின்று தோற்றார். மூன்று வருடம் நான்கு கதிரையும் வெறுமையாகக் கிடந்த பின்பு, 1934இல் இடைத்தேர்தல் வந்தது. பருத்தித்துறையில் பொன்னம்பலம் வென்றார். யாழ்ப்பாணத்தில் வென்றவர் அருணாசலத்தின் மகன் அ. மகாதேவா. இந்த இரண்டாவது பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அரசாங்க சபை நாம் இன்று காணும் பாராளுமன்றம் போன்றதல்ல. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று கிடையாது. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள், ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவர் அமைச்சர் ஆவார். 1936இல் ஏழு குழுவிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாக இருக்கும்படி கணக்காகப் பங்கிட்டு, ஏழு அமைச்சரும் சிங்களவராக வரச் செய்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. யார் போட்டிருந்தாலும் கணக்குப் பிழைக்கவில்லை. சமூகப் பிரதிநிதித்துவத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லி வந்த யாப்புக்குள்ளேயே ஒரு சமூகம் மட்டும் ஆளலாம் என்பது அன்று எல்லோருக்கும் வெளித்தது. பொன்னம்பலத்தின் எழுச்சி அந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

அவர் வைத்த மறுகணக்குத்தான் ஐம்பதுக்கு ஐம்பது. இன்று அதைச் சொன்னால் பலர், பதினொரு வீதம் இருந்த தமிழர் பாதி கேட்டார்கள் என்று நினைக்கிறார்கள். தெற்கில் அப்படித்தான் பிரசாரம் செய்தார்கள், காலப்போக்கில் நம்மவரும் அதையே நம்பிவிட்டார்கள். கேட்கப்பட்டது வேறு. ஆசனங்களில் பாதி சிங்களவருக்கு, மறு பாதி மற்ற எல்லாச் சமூகங்களுக்கும் சேர்த்து: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், ஐரோப்பியர். எந்த ஒரு சமூகமும் தனியே நின்று மற்றவர்களை மேவ முடியாது என்பதே அதன் நோக்கம். அந்த மறு பாதிக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 33 ஆயிரம். இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள், அதாவது இன்று நாம் மலையகத் தமிழர் என்று சொல்லும், பெரும்பாலும் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். பொன்னம்பலம் சிறுபான்மையோர் சார்பில் பேசியபோது அவருடைய கணக்கின் மிகப் பெரிய தொகை வடக்குத் தமிழரல்ல, அவர்கள்தான். இந்த ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ளாமல் 1948ஐ விளங்க முடியாது.

அவருடைய பேச்சு வன்மைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருந்தது. 1939இல் நாவலப்பிட்டியில் சிங்கள வரலாற்றுப் பெருமையைத் தாக்கி அவர் பேசியது கலவரத்தைக் கிளப்பியது. பண்டாரநாயக்காவின் சிங்கள மகாசபைக்கு அது நல்ல உரமாயிற்று. தோட்டத் தொழிலாளர் நாலு பக்கமும் சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்ந்த ஊரில் அப்படிப் பேசிவிட்டு றெயிலோ மோட்டார்க் காரோ ஏறிப் போய்விடலாம், அங்கே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற எண்ணம் ஒரு தலைவருக்கு வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பைத் தாக்கினால் கட்சிக்காரனுக்கு நன்மை. ஊருக்குள் அப்படி நடக்காது.

1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவில் புதிய யாப்பை ஆராயச் சோல்பரி ஆணைக்குழு இலண்டனிலிருந்து வந்து இறங்கியது. அடுத்த ஆண்டு முற்பகுதியில் அதன் முன் அவர் ஐம்பதுக்கு ஐம்பதை வாதிட்டார். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களை இப்படித்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்: கொக்குவில், கொண்டாவில், இணுவில் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளிகள் பாயில் வரிசையாக இருந்து புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். கைகள் ஓடிக்கொண்டே இருக்கும், காது பத்திரிகையில் இருக்கும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் கொழும்பில் நேற்று ஜீ.ஜீ. என்ன சொன்னார் என்பது தெரியும். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் அரசியல் சாதாரண மனிதனின் வாய்க்கு வந்தது அவர் காலத்தில்தான். அதற்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆணைக்குழு அவருடைய கணக்கை ஏற்கவில்லை. 1945 நவம்பரில் அந்த அடிப்படையில் வந்த யாப்பை அரசாங்க சபை 51க்கு 3 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது. ஆதரித்த தமிழ் உறுப்பினர்களில் மகாதேவாவும் ஒருவர். அவர் 1942 முதல் உள்நாட்டு அமைச்சராகவும் இருந்தவர். இங்கேதான் அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது. 1947 பொதுத் தேர்தலில் பொன்னம்பலம் தன் சொந்தப் பருத்தித்துறையை விட்டு யாழ்ப்பாணத் தொகுதிக்கு வந்து மகாதேவாவுக்கு எதிராக நின்றார். மகாதேவா ஐக்கிய தேசியக் கட்சிக்காரர், டி. எஸ். சேனநாயக்காவின் நண்பர். சிங்களத் தலைவர்களோடு சேர்ந்து தமிழரை விற்றுவிட்டார் என்பதுதான் மேடைக்கு மேடை கேட்ட குற்றச்சாட்டு. மகாதேவாவுக்குக் கிடைத்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேலான வாக்குகளோடு பொன்னம்பலம் வென்றார். தமிழ்க் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. வட்டுக்கோட்டையில் தோற்றவர்களில் ஹன்டி பேரின்பநாயகமும் ஒருவர். இனத்தின் பெயரால் வாக்குக் கேட்க மாட்டேன் என்றவரை யாழ்ப்பாணம் அன்று கேட்கத் தயாராக இல்லை.

அந்த வெற்றிக்கு ஒரு வருடம் கழித்து, 1948 செப்டம்பரில், பொன்னம்பலம் அதே சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, மீன்பிடி அமைச்சராகச் சத்தியப்பிரமாணம் செய்தார்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன், இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. மலையகத் தமிழரின் பிரசாவுரிமையை எடுத்த இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் என்ற முதற் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம், ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்து வாக்களித்தது. சில வாரங்களில் பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தது, அதுதான் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஆயிற்று. இதை அவர் ஆதரித்தார். அமைச்சராக இருந்த சுந்தரலிங்கம் இதே விடயத்தில் பதவியை விட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகவும் வழி இருந்தது. அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றார்கள். பொன்னம்பலம் அமைச்சரவையில்தான் இருந்தார்.

அவர் பக்கத்து நியாயம் என்ன? உள்ளே இருந்தால்தான் எதையாவது வாங்கலாம், சோல்பரி முடிந்து போன கதை, இலண்டனில் இனி நீதிபதி இல்லை. இரண்டாம் சட்டம் பதிவுக்கு ஒரு வழியையாவது திறக்கிறது. இது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஒரு நல்ல சட்டத்தரணி, வழக்குத் தோற்கும் என்று தெரிந்தால் எதிர்த்தரப்போடு இணக்கத்துக்குப் போவார், தன் கட்சிக்காரனுக்குக் கிடைப்பதை வாங்கிக் கொடுப்பார். ஆனால் இங்கே இணக்கத்தால் கிடைத்தது ஒரு கட்சிக்காரனுக்கு, இழந்தது இன்னொரு கட்சிக்காரன். அந்த இழந்தவர்களின் தலைகளை எண்ணித்தான் அவர் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டிருந்தார். அவருடைய கணக்கின் அடித்தளத்தை அவரே பிடுங்கினார் என்று நான் சொல்வது அதனால்தான்.

திறந்த வழி எப்படிப்பட்டது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். விண்ணப்பிக்க இரண்டு வருடம். கலியாணம் செய்தவர் 1946 சனவரி 1க்கு முந்திய ஏழு வருடமும், செய்யாதவர் பத்து வருடமும் இலங்கையில் இடையறாது வசித்ததாகக் காட்ட வேண்டும். லயத்துக் காம்பறாவில் பிறந்த ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. கலியாணம் கோயிலடியில் நடந்தது, பதியவில்லை. தோட்டத்துச் செக்றோலில் பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் புத்தகம் துரையின் கந்தோரில். இடையில் ஒருமுறை தகப்பனின் காரியத்துக்காகத் திருச்சிப் பக்கம் போய்ச் சில மாதம் நின்று வந்திருக்கிறார், அதை எப்படி விளங்கப்படுத்துவது? விசாரணை நடப்பது நகரத்தில், போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் இல்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. வருடக்கணக்கான விசாரணைகளின் முடிவில் ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் ஈ. எம். வி. நாகநாதன் முதலியோர் வெளியேறி 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இன்று மலையகத்தாருக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை நாம் இப்போது மேடைகளில் பெருமையாக நினைவுகூருகிறோம்.

அன்று அதை யாழ்ப்பாணம் கேட்டதா? இனி 1952.

அந்தத் தேர்தலில் பொன்னம்பலம் யாழ்ப்பாணத் தொகுதியில் மீண்டும் வென்றார். தமிழ்க் காங்கிரசுக்கு 4 இடம், தமிழரசுக் கட்சிக்கு 2 இடம்: கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் இராஜவரோதயம். செல்வநாயகமோ காங்கேசன்துறையில் தோற்றார், ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம். பிரசாவுரிமைக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறியவரை வீட்டுக்கு அனுப்பினோம், அந்தச் சட்டத்தை ஆதரித்தவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். 1947இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் உட்பட மலையகத்திலிருந்து பலர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952இல் அந்தத் தொகுதிகளில் தொழிலாளர் பெயர்களே வாக்காளர் இடாப்பில் இல்லை. அந்த நிலையிலும் நம் வாக்கு மாறவில்லை.

ஏன் என்பதற்கு விடை தேடித் தூரம் போக வேண்டாம். இந்தக் கொக்குவில் வழியே போகும் றெயில் பாதை காங்கேசன்துறைக்குப் போகிறது. 1950இல் அங்கே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்தப் பாதையால் சீமெந்து தெற்கே போயிற்று, வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே போனார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலை என்று அவருடைய அமைச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள் இன்னும் உண்டு. வடக்குக் கிழக்கில் பெருந்தொழில் என்று பிறகு எதை எண்ணினாலும் அந்த மூன்றில்தான் எண்ணத் தொடங்க வேண்டும். அவருக்குப் பின்பு எந்தத் தமிழ் அரசியல்வாதியும் அந்த அளவு கட்டவில்லை. 1990இல் யுத்தத்தோடு சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, அது நின்ற பிறகுதான் அதன் பெறுமதி பலருக்குத் தெரிந்தது. இதை அவருடைய எதிரிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே யாழ்ப்பாணத்து வாக்காளன் 1952இல் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, தன் பிள்ளைக்கு வேலை. அந்த நியாயத்துக்குள் மலையகம் இல்லை. நாம் தேயிலைத் தோட்டங்களில் கிளாக்கராகவும் கணக்கப்பிள்ளையாகவும் கடைக்காரராகவும் போயிருந்தோம், சம்பளப் புத்தகத்தின் இந்தப் பக்கம் இருந்து அவர்களைப் பார்த்திருந்தோம். அவர்களும் தமிழர் என்று மேடையில் எண்ணிக்கைக்குச் சொன்னோம். வாக்குச் சாவடிக்குள் அது மறந்துபோயிற்று.

1953 அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா விலகி சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமரானதும் பொன்னம்பலத்தின் அமைச்சுப் பதவி போயிற்று. அவரை அமைச்சரவையில் இருந்து இறக்கியது யாழ்ப்பாணமல்ல, புதுப் பிரதமர். அடுத்த வருடம், 1954இல், அதே சேர் ஜோன் வடக்குக்கு வந்தார், கொக்குவில் இந்துக் கல்லூரியில் வரவேற்பு நடந்தது. அதிபர் ஹன்டி பேரின்பநாயகம் வரவேற்புரையில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்தை யாப்பிலே எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். பிரதமர் தருவேன் என்றார். இந்த ஊரில், இந்தக் கல்லூரியில் சொன்ன அந்த ஒரு சொல் தெற்கில் எழுப்பிய புயலை நீங்கள் அறிவீர்கள். 1956 பெப்ரவரியில் களனியில் அவருடைய கட்சியே சிங்களம் மட்டும் என்று தீர்மானம் எடுத்தது. ஏப்ரலில் அந்தக் கட்சி 8 இடத்துக்கு இறங்கியது. யூனில் பண்டாரநாயக்கா அரசாங்கம் தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றியது.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது நம் பழமொழி. அந்தக் கோறணமேந்துக் கதவே மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் விழித்தது. தமிழரசுக் கட்சி 1956இல் 10 இடங்களை வென்றது. ஆறேழு வருடத்துக்கு முன் செல்வநாயகம் சொன்னது பலித்துவிட்டது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அப்போதும் யாழ்ப்பாணத் தொகுதி பொன்னம்பலத்தைக் கைவிடவில்லை. கட்சி முழுவதும் தோற்ற இடத்தில் அவர் ஒருவர் மட்டும் வென்று போனார், தனிச் சிங்களச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்.

அவர் விழுந்தது 1960 மார்ச்சில். வீழ்த்தியவர் மலையகத்துக்காகப் பேசிய ஒருவரல்ல, அல்பிரட் துரையப்பா என்ற சுயேச்சை. யாழ்ப்பாண நகர அரசியலில் வளர்ந்த இளம் சட்டத்தரணி. தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் ஒன்றின் வாக்கை மற்றது பிரித்துக்கொள்ள, நடுவால் அவர் வந்தார். யூலையில் திரும்பவும் தேர்தல், திரும்பவும் அதே முடிவு. துரையப்பாவின் பலம் கொள்கையில் இல்லை. பட்டினத்து ஏழைகள், சந்தைக்காரர், மீனவர் என்று சாதிமான்கள் எட்டிப் பார்க்காத தெருக்களுக்கு அவர் போனார், உரிமையாகக் கதைத்தார், கேட்ட உதவியைச் செய்தார். பொன்னம்பலம் கொழும்பில் வாழ்ந்து, தேர்தலுக்கு யாழ்ப்பாணம் வந்து, வந்த இடத்தில் அற்புதமாகப் பேசிவிட்டுப் போனவர். பதின்மூன்று வருடத்துக்கு முன் பெரிய வீட்டு மகாதேவாவுக்கு எதிராகத் தபாலதிபர் மகன் எதைச் சொல்லி வென்றாரோ, அதே குறைபாட்டை இப்போது அவரிடமே சனம் கண்டது.

1965இல் மீண்டும் வென்றார். அந்தத் தேர்தலுக்குப் பின் தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தையே ஆதரித்தன. பொன்னம்பலம் அமைச்சராகவில்லை. அமைச்சரானவர் தமிழரசுக் கட்சியின் சார்பில் மூதவை வழியே போன மு. திருச்செல்வம். 1948இல் ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சரவைக்குப் போனதற்காகப் பொன்னம்பலத்தை எதிர்த்துப் பிறந்த கட்சி, பதினேழு வருடத்தில் அதே வீட்டுப் படியேறியது. அவர்கள் கேட்டது மாவட்ட சபை, அது கிடைக்கவில்லை. உள்ளே போனால் வாங்கலாம் என்ற பொன்னம்பலத்தின் நம்பிக்கையை அவர்களும் ஒரு முறை பரீட்சித்துப் பார்த்தார்கள் என்றுதான் அதைச் சொல்வேன், பழி சொல்லவில்லை.

1970 அவருடைய கடைசித் தேர்தல். தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின் வென்றார், துரையப்பா சில பத்து வாக்குகளில் தோற்றார், பொன்னம்பலம் மூன்றாவது. அந்த ஆண்டு அவர் கட்சிக்கு மூன்று இடம் கிடைத்தது. அதில் ஒன்று நம் பக்கத்து நல்லூர், டாக்டர் நாகநாதனைத் தோற்கடித்த சி. அருளம்பலம். இன்னொன்று வட்டுக்கோட்டை, தமிழரசுக் கட்சியின் அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்த ஆ. தியாகராசா. இந்த இருவரும், தமிழரசுக் கட்சியின் மார்ட்டினும், 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்புக்கு ஆதரவாக நின்றார்கள். 1947இல் மகாதேவாவுக்கு எதிராக மேடையில் எழுந்த குற்றச்சாட்டு அதற்குள் ஊர் முழுவதும் பரவி, சுவர்களில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டிருந்தது. 1975 யூலை 27இல் மேயராக இருந்த துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தலில் சொல்லிப் பழகிய குற்றச்சாட்டுக்குத் தேர்தலுக்கு வெளியே தண்டனை கொடுக்கத் தொடங்கிய நாள் அது. பொன்னம்பலம் அதைத் தொடக்கிவைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மகாதேவாவுக்கு எதிராக அந்தப் பேச்சைப் பேசிய எல்லோரும், கேட்டுக் கைதட்டிய நாமும், அதில் பங்காளிகள்.

முதுமையில் அவர் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. 1972 மே மாதம் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானபோது, இருபத்து மூன்று வருடப் பகையைக் கட்டி வைத்துவிட்டு, செல்வநாயகத்தோடும் தொண்டமானோடும் சேர்ந்து தலைமையில் இருந்தார். அந்த மூவரையும் ஒன்றாக நினைத்துப் பாருங்கள்: பிரசாவுரிமையை எடுத்த அமைச்சரவையில் இருந்தவர், அதற்காக அவரை விட்டுப் பிரிந்தவர், அதனால் வாக்கிழந்த சனத்தின் தலைவர். தொண்டமான் அந்த மேடைக்கு வந்தது பெருந்தன்மை. பொன்னம்பலம் வந்தது, தன் 1948ஐ அவர் எப்படி எடைபோட்டிருந்தார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே செயல்வழிச் சாட்சி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றது 1976. அமிர்தலிங்கமும் மற்றவர்களும் இராசத்துரோகக் குற்றத்துக்காக யூரிகள் இல்லாத விசேட நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சட்டத்தரணிகள் அவர்களுக்காகத் திரண்டார்கள். கேட்கும் வலுக் குறைந்து, தளர்ந்து போயிருந்த செல்வநாயகமும் வந்தார், பொன்னம்பலமும் வந்தார். வாலிபத்தில் தன்னை ஊர் அறியச் செய்த நீதிமன்றத்தில்தான் அவருடைய கடைசிப் பெரிய வாதமும் நடந்தது.

1977 பெப்ரவரியில் அவர் மலேசியாவில் காலமானார். ஏப்ரலில் செல்வநாயகம். யூலைத் தேர்தலில் நுவரெலியாவில் தொண்டமான் வென்று, ஏறத்தாழ முப்பது வருடத்துக்குப் பின் மலையகத் தமிழரின் வாக்கால் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார். ஆனால் எல்லோருக்கும் பிரசாவுரிமை அப்போதும் கிடைத்துவிடவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும், மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றும் பங்கிட்டிருந்தது. அந்தப் பங்கீட்டில் எஞ்சியவர்களுக்கு இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 2003இல்.

1958இலும் 1977இலும் அடிபட்டு, மலையகத்தை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் வன்னியில் குடியேறின. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில், யாழ்ப்பாணத்தாரின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிக்கு நின்றன. அவர்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் சொந்தக் காணி உறுதி இல்லாமல் இருக்கிறார்கள். அந்தக் காணிகளில் ஒரு பகுதியின் உறுதி யாழ்ப்பாணத்தில், நம்மைப் போன்றவர்களின் பெட்டகங்களில் இருக்கிறது. பொன்னம்பலத்தின் 1948 வாக்கைப் பற்றி நாம் பேசுவதானால், பேச வேண்டிய இடம் அதுதான். இங்கே இருப்பவர்களில் வன்னியில் காணி உள்ளவர்கள் அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள், எத்தனை காலமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.